தையல் கடையில் மூன்று நாள்

அந்தக் கூட்டுக் குடும்பத்தில் யாரோடு யாருக்குப் பேச்சு இல்லை என்பதை முதன்முதலில் படமாக வரைந்து பார்த்தவள் அவள்தான். அப்போது அவளுக்கு வயது பத்து. பெரியம்மாவும் சித்தியும் முகம் கொடுத்துப் பேசி நான்கு வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பாவும் மாமாவும் ஒரே குழாயடியில் நின்று பல் தேய்ப்பார்கள், ஆனால் இருவருக்கும் நடுவில் மலையே நிற்பதுபோல் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரியம்மாவிடமிருந்து சித்திக்கு ஒரு சேதி போக வேண்டுமென்றால் அது முதலில் அத்தையிடம் போகும், அத்தை அம்மாவிடம் சொல்வாள், அம்மா சித்தியிடம் சொல்வாள். ஒரு தடவை அத்தை வெளியூர் போயிருந்தாள். சித்திக்கு வந்த கடிதம் ஐந்து நாள் பெரியம்மாவின் அலமாரியில் கிடந்தது, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. சின்னவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு புள்ளி வைத்து, பேசிக்கொள்பவர்களுக்கு நடுவே கோடு இழுத்தாள். அத்தையின் புள்ளியை விரலால் மறைத்தாள். குடும்பம் இரண்டு துண்டாயிற்று. அப்பா அதைப் பார்த்துவிட்டு, வீட்டு மானத்தை நோட்டில் போட்டு வைக்கிறாயா என்று காதைத் திருகினார். மற்றவர்களுக்கு ஆராய்ச்சிக்குப் பட்டம் கிடைக்கும். அவளுக்கு முதலில் கிடைத்தது காது வலிதான்.

பெரியவளானதும், தான் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறதென்று தெரிந்துகொண்டாள். வலைப்பின்னல் அறிவியல். எறும்புக் கூட்டமோ, மின்சாரக் கம்பிகளோ, ஊர் வம்போ, தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லாத சங்கதிகள், ஒன்றோடொன்று சேர்ந்ததும் ஏன் இப்படி ஆட்டம் போடுகின்றன என்று பார்க்கிற படிப்பு. எளிதாகச் சொல்லக்கூடிய விஷயம்தான். எளிதாகச் சொன்னால் பேராசிரியர் வேலை கிடைக்காது என்பதால் எல்லோரும் அதைச் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். அவள் மட்டும் வகுப்பில் நுழைந்ததும் கரும்பலகையில் ஒரு புள்ளியைப் போட்டு, இது ஒரு முடிச்சு என்று ஆரம்பிப்பாள். பிள்ளைகள் அவளுக்கு ‘முடிச்சு மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் துறை அலுவலகத்துத் தபால் பெட்டியிலும் யாரோ அந்தப் பெயரையே எழுதி ஒட்டினார்கள், அவளும் பிய்த்துப் போடவில்லை.

ஆராய்ச்சி மாணவியாக இருந்த நாட்களில் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் ‘குடை’ என்று பெயர். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வாசல்படி இறங்க மாட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே ஜன்னல், ஒரே டீ கெட்டில், ஒரே வாய். ஒருத்தி ஆரம்பித்த வாக்கியத்தை இன்னொருத்தி முடிப்பாள். முடிச்சின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் அவளுடைய வகுப்புகளைக் குடைதான் எடுத்தாள், ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. பிற்பாடு குடைக்கு ஒரு பெண் பிறந்தாள். அந்தக் குழந்தை முடிச்சைப் ‘பெரியம்மா’ என்றுதான் கூப்பிட்டது. இதையெல்லாம் சொல்லாமல் கதையைச் சொன்னால், நடந்தது ஏதோ அலுவலகத் தகராறுபோல் தெரியும். அது தகராறு இல்லை.

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு இதுதான். ஊரை ரயில் பாதை வடக்கு, தெற்கு என்று பிரிக்கிறது. இரண்டு பக்கத்து வீட்டு எண்களையும் சீட்டுகளில் எழுதி, தகர டப்பாவில் போட்டுக் குலுக்கி, பக்கத்துக்கு அறுபது சீட்டு எடுப்பது. எடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி ஒரே ஒரு கேள்வி: “திடீர்னு ஒரு கஷ்டம்னா முதல்ல யார்கிட்ட போவீங்க?” அவர்கள் யாரைச் சொல்கிறார்களோ அவரைத் தேடிப் போய் அதே கேள்வி. அங்கிருந்து அடுத்தவர். சீட்டுக் குலுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. நமக்குப் பிடித்த இடத்தில் ஆரம்பித்தால், கோடெல்லாம் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். வடக்கை முடிச்சு எடுத்துக்கொண்டாள், தெற்கைக் குடை எடுத்துக்கொண்டாள். அது மழைக்காலம்.

முடிவு வந்த நாளை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை. வடக்கின் படம் கலைந்த நூல்கண்டு மாதிரி இருந்தது, யாரும் பெரிய ஆள் இல்லை. தெற்கின் படத்திலோ நடுவில் ஒரே ஒரு புள்ளி, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கோடுகள், அச்சடித்த நட்சத்திரம். அந்தப் புள்ளி ஒரு தையல்காரர். பதவி இல்லை, பணக்காரர் இல்லை, சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிற சாதாரண மனுஷர். பாதி ஊர் அவர்மேல் நிற்கிறது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி.

கட்டுரை வெளிவந்தது. அவர்கள் உலகம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நகராட்சிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, வெள்ள எச்சரிக்கை, தடுப்பூசி, தண்ணீர் வராத நாள் என்று எல்லாத் துண்டறிக்கைகளையும் கட்டுக் கட்டாகத் தையல்காரர் கடையில் கொண்டுபோய் இறக்கினார்கள், அவர் சொன்னால் ஊருக்கே சேர்ந்துவிடுமாம். முடிச்சுக்கு வேலை கிடைத்தது. தெற்கு ஏன் அப்படி, வடக்கு ஏன் இப்படி என்று விளக்குவதற்கே அவள் பதினெட்டு வருஷத்தைச் செலவழித்தாள். ஏழு கட்டுரை, ஒரு புத்தகம், நான்கு மாணவர்களின் பட்டம், எல்லாம் அந்த நட்சத்திரத்தின் மேல் கட்டியவை. குடைக்கு நிர்வாகத்தில் நாட்டம். படிப்படியாக ஏறி, பல துறைகளுக்கும் தலைமையான டீன் ஆனாள்.

அந்தக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி உண்டு. யார் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று எழுதுவது அந்தத் துறையில் வழக்கம். வடக்கு இன்னார், தெற்கு இன்னார் என்று குடை எழுதி வைத்திருந்தாள். முடிச்சு அதை அடித்தாள். நமக்குள்ளே என்னடி உன்னது என்னது என்று கோபித்துக்கொண்டு, ‘இருவரும் எல்லாப் பணிகளையும் சேர்ந்தே செய்தோம்’ என்று மாற்றினாள். பாசத்தில் எழுதிய வரி. பாசத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எப்போதும் படித்துப் பார்க்காமல்தான் போடுகிறார்கள்.

பிறகு ஆராய்ச்சி உலகத்தில் ஒரு காற்று அடித்தது. பழைய முடிவுகளை மறுபடி செய்து பார்க்க வேண்டும், நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்றார்கள். பல பெரிய மனிதர்கள் மெதுவாகப் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள். முடிச்சு மட்டும் முதல் ஆளாகக் கை தூக்கினாள். தன் நட்சத்திரத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. குடையிடமும் சந்தோஷமாகச் சொன்னாள். குடை ஒரு நொடி தாமதித்து, எதுக்குடி வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற, இருக்கிற வேலை போதாதா என்றாளாம். அன்றைக்கு அது அக்கறையாகத்தான் தெரிந்தது.

இந்த முறை தெற்கை அவளே எடுத்துக்கொண்டாள். முழங்கால் வலியோடு சீட்டில் வந்த அறுபது வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். கோடுகளைத் தொடர்ந்து இன்னும் நூற்றுச் சொச்சம் பேரைப் பார்த்தாள். தையல்காரரைச் சொன்னவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் அவருடைய மனைவி.

ஊர் மாறியிருக்கும் என்று முதலில் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆள் இறந்துபோயிருக்கலாம், கடையை மூடியிருக்கலாம். விசாரித்தால், கடை அதே இடத்தில் இருக்கிறது, ஆளும் கல்லுக்குண்டாக இருக்கிறார். அவளுடைய வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். பதினெட்டு வருஷமாக அவரைப் பற்றிப் பேசிப் பெயர் வாங்கியவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்கு அவளை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை.

கடை ஒரு கதவகலம். உள்ளே இரண்டு மெஷின், ஓர் இஸ்திரி மேஜை, சுவரோரம் ஒரு முக்காலி. வெட்டுவதற்கு வைத்திருந்த காகித மாதிரிகளில் கழுத்துப் பட்டையின் மேல் ‘வெள்ள எச்சரிக்கை’ என்று அச்சிட்டிருந்தது. நகராட்சி கொடுத்த துண்டறிக்கைகள் நல்ல கெட்டிக் காகிதம் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். ஊருக்குச் சொல்லச் சொன்னார்களாம். யார்கிட்டச் சொல்ல, அளவு கொடுக்க வர்றவன் அவசரத்தில வர்றான் என்று சிரித்தார்.

அவள் பழைய ஆய்வைப் பற்றி மெதுவாகக் கேட்டாள்.

“குடை வச்சிருந்த பொண்ணுதானே? நல்லா ஞாபகம் இருக்குதும்மா. மூணு நாள் இந்த முக்காலியிலதான் உட்கார்ந்திருந்துச்சு. கடைக்கு வந்தவங்களை எல்லாம் ஒருத்தர் விடாம கேட்டுச்சு.”

“வீடு வீடா போகலையா?”

“எங்க போச்சு? காலையில வரும், சாயங்காலம் போகும். என் கடையில உட்கார்ந்துக்கிட்டு, கஷ்டம்னா யார்கிட்ட போவீங்கன்னு கேட்டா, நான் கத்திரிக்கோலோட எதிர்ல நிக்கிறேன், என்னைத்தானே சொல்வாங்க? வேற ஆளைச் சொன்னா சட்டை ஒரு வாரம் தள்ளிப் போயிடும்னு பயந்திருப்பாங்க.” அளவு நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு, அவர் கேட்டார். “ஏம்மா, அதை யாரும் பெருசா எடுத்துக்கலையே?”

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். ரயில் பாதையைத் தாண்டும்வரை அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, காதில் ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது. நட்சத்திரம் தெற்கில் இல்லை. குடை உட்கார்ந்த இடத்தில் இருந்தது. தெற்கு முழுக்கக் குலுக்கல் சீட்டில் எடுத்ததாகக் கொண்டுவந்து கொடுத்த அறுபது வீட்டு எண்கள், அழகான கையெழுத்தில் எழுதிய அறுபது எண்கள், அத்தனையும் கற்பனை. குடை வைத்திருந்தவள் மழைக்கு ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எதையும் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற சுபாவம். தையல்காரரை எழுதிக் கொடுக்கச் சொல், தெற்கு உன் வேலை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடு, உன் பெயராவது தப்பும் என்றார். அவள் அவர்மேல் எரிந்து விழுந்தாள். குடையின் குழந்தை என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறது, அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான் யாரோடு டீ குடிப்பேன் என்றாள். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முடிவு தவறு என்று ஊரறிய எழுதித்தான் ஆக வேண்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. அதை எழுதும்போது குடை பக்கத்தில் நிற்க வேண்டும். பதினெட்டு வருஷம் போனது போகட்டும், அவள் மட்டும் போய்விடக் கூடாது.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு டீன் அறைக்குப் போனாள். பெரிய மேஜை, கண்ணாடி போட்ட அலமாரி, மூலையில் சுருக்கி வைத்த குடை. தையல்காரர் என்ற வார்த்தையைச் சொன்னதுமே குடையின் முகம் வெளுத்துவிட்டது. மறுக்கவில்லை. முதல் நாள் நான்கு வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்களாம். ஐந்தாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்களாம். ஓடிவந்து அந்தக் கடையில் ஏறியவளுக்கு அவர் முக்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் இறங்கிப் போக உடம்பும் மனசும் வரவில்லை.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான்டி வந்தேன். நீ அந்தப் படத்தைச் சுவத்துல ஒட்டிட்டு, அதுக்கு முன்னாடி நின்னு அழுதுக்கிட்டு இருந்த. சந்தோஷத்துல. நான் எப்படிச் சொல்லுவேன்?”

“அது ஒரு நாள். மிச்சப் பதினெட்டு வருஷம்?”

குடை மேஜையில் கிடந்த கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தாள். முடிச்சுக்கு அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. நான் மேடை மேடையாக ஏறி உளறியபோதெல்லாம் நீ முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாயே என்று கேட்டாள். என் மாணவர்கள் நான்கு பேர் காற்றில் கோட்டை கட்டிப் பட்டம் வாங்கும்போது வாழ்த்துச் சொன்னாயே என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு, கடைசியில் தான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

“உன்னை நான் மாட்டிவிடப் போறதில்ல. தெற்குன்னுகூட எழுத வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் தப்புப் பண்ணிட்டோம்னு எழுதுவோம். என் கையெழுத்துக்குப் பக்கத்துல நீ ஒரு கையெழுத்துப் போடு. அது போதும்.”

குடை அழுதுவிட்டாள். மேஜையைச் சுற்றிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கே சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம் என்றாள். முடிச்சும் அழுதாள். மூன்று மணிக்கு அந்த அறையை விட்டு வெளியே வரும்போது, இவ்வளவு பெரிய இடி விழுந்த பிறகும் மனம் ஏன் லேசாக இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாளை வந்தது. அன்றைக்குக் குடைக்கு ஒரு கூட்டம். அடுத்த நாள் யாரோ வெளியூர் விருந்தினர். அதற்கடுத்து வார விடுமுறை, பெண்ணுக்குக் காய்ச்சல். முடிச்சு தொந்தரவு செய்யவில்லை. திருத்தத்தைத் தானே எழுதி, கீழே இரண்டு பெயருக்கும் இடம் விட்டு, அச்செடுத்து உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு, துறையில் தன் அறையில் இருந்தபோது, கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரையின் மற்றொரு ஆசிரியர் ஒரு புகார் அனுப்பியிருக்கிறார், இணைத்திருக்கிறோம், இரண்டு வாரத்துக்குள் உங்கள் விளக்கம் தேவை. இணைப்பைத் திறந்தாள்.

ஒன்றரைப் பக்கக் கடிதம். ஆய்வின் திட்டத்தை வகுத்தவர் முதல் ஆசிரியர், அதாவது கட்டுரையில் முதல் பெயராக இருக்கும் முடிச்சு. அது உண்மை. மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுத்த முறையில் கடுமையான குறை இருப்பது தன் கவனத்துக்கு வந்துள்ளது. அதுவும் ஒரு விதத்தில் உண்மை. களப்பணியில் யார் எந்தப் பகுதியைப் பார்த்தார்கள் என்பதற்குப் பதிவு இல்லை, கட்டுரையின் கடைசி வரியே அதைக் காட்டுகிறது. உண்மை. இந்த முடிவை வைத்து இத்தனை வருஷம் தொடர்ந்து எழுதி வந்தவர் முதல் ஆசிரியர் மட்டுமே, தான் இல்லை. அதுவும் உண்மை. நட்பின் காரணமாக இதுவரை மௌனமாக இருந்ததற்கு வருந்துகிறேன். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்தால் ஒரு பொய்யைக்கூடக் காட்ட முடியாது. மொத்தமாகப் படித்தால், முக்காலியில் மூன்று நாள் உட்கார்ந்தவள் முடிச்சு.

கடிதம் அனுப்பிய தேதியைப் பார்த்தாள். ஒன்பது நாளைக்கு முன்னால். கையைப் பிடித்துக்கொண்டு அழுத அதே நாள், நான்கு மணி பன்னிரண்டு நிமிஷம். அங்கேயே அவள் கண் நின்றுவிட்டது. குடையின் எழுத்து வேகம் அவளுக்குத் தெரியாதா? ஒரு பக்கம் எழுத அவளுக்கு ஒரு நாள் வேண்டும், ஒரு வார்த்தைக்கு நாலு தடவை அடிப்பாள், கமாவுக்குக்கூட இவளைக் கூப்பிட்டுக் கேட்பாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் இப்படி ஒன்றரைப் பக்கத்தை ஒரு மணி நேரத்தில் அவளால் எழுதவே முடியாது. இது முன்னாலேயே எழுதி வைத்த கடிதம். மறுஆய்வு செய்யப் போகிறேன் என்று இவள் சொன்ன நாளிலிருந்தா, டீன் ஆன நாளிலிருந்தா, இல்லை அந்த முதல் வருஷத்திலிருந்தேவா என்று தெரியவில்லை. எத்தனை டீ, எத்தனை பிறந்தநாள், எத்தனை தடவை ஒருத்தி வாக்கியத்தை ஒருத்தி முடித்தார்கள். அத்தனை நாளும் ஏதோ ஒரு மேஜை டிராயரில் இந்தக் கடிதம் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

யாரிடமாவது உடனே சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. போனை எடுத்தாள். விரல் பாட்டுக்கு ஓர் எண்ணை அழுத்தியது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“சொல்லுடி.”

அந்தக் குரலைக் கேட்டதும்தான் யாரைக் கூப்பிட்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. வைத்துவிடலாமா என்று போனைக் காதிலிருந்து விலக்கினாள். எதிர்முனையிலும் புரிந்துவிட்டது.

“பார்த்துட்டியா?” குடையின் குரல் இறங்கியது. “நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. நீ திட்டுவேன்னு தெரியும். எனக்கு வேற வழி…”

“திட்டக் கூப்பிடல,” என்றாள் முடிச்சு. அவளுக்கே தன் குரல் அமைதியாக இருந்தது பிடிக்கவில்லை. “ஒருத்தி எனக்குத் துரோகம் பண்ணிட்டா. அதை உன்கிட்டச் சொல்லி அழத்தான் போன் எடுத்தேன்.”

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். பிறகு உறையைப் பிரித்து, திருத்தத்தின் கீழே இரண்டாவது பெயருக்கு விட்டிருந்த இடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, தன் கையெழுத்தைப் போட்டாள்.